வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் தங்க நிறம் தங்கமாகத் தெரிய என்ன வழி?

அக்கா மகளின் வளைகாப்புக்கு நாற்பது அழைப்பிதழ் தேவைப்பட்டது. வெறும் நாற்பதுக்காகத் தங்க ஃபாயில் வேலை செய்ய எந்த அச்சகமும் ஆர்வம் காட்டாது, ஏனென்றால் அதற்குத் தனியாக பிளாக், அதாவது ஃபாயிலை அழுத்திப் பதிக்கும் அச்சு, செய்ய வேண்டும், நாற்பது அடித்தாலும் ஐநூறு அடித்தாலும் பிளாக் செலவு ஒன்றுதான். சரி, வீட்டில்தான் இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறதே என்று உட்கார்ந்து, பெயர்களைத் தங்க நிறத்தில் வடிவமைத்தேன். திரையில் அருமையாக மின்னியது. நல்ல போட்டோ தாளில் அச்சிட்டு எடுத்துப் பார்த்தால், கடுகை அரைத்துப் பூசியது மாதிரி ஒரு மங்கலான மஞ்சள் பழுப்பு. தரத்தைக் கூட்டி, நிறத்தைத் திருத்தி, தாளை மாற்றி மறுபடி மறுபடி அச்சிட்டும் அதே கடுகு நிறம்தான் வந்தது.

இந்த இடத்தில் வந்து நின்று பிரிண்டரைக் குறை சொல்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். பிரிண்டர் மேல் தவறில்லை. உலோகம் ஏன் உலோகமாகத் தெரிகிறது என்ற ஒரே ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும், அதனால் செய்முறைக்குப் போகும் முன் அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

இரண்டு குடங்களை வைத்துப் பாருங்கள்

வீட்டில் துலக்கி வைத்த பித்தளைக் குடம் ஒன்றும் மஞ்சள் பிளாஸ்டிக் குடம் ஒன்றும் இருந்தால் டியூப்லைட்டுக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் மஞ்சள், இரண்டும் வழவழப்பு, இரண்டின் வயிற்றிலும் விளக்கு ஒரு நீளக் கோடாக விழுந்திருக்கும். அந்தக் கோட்டை மட்டும் உற்றுப் பாருங்கள். பிளாஸ்டிக் குடத்தில் அது வெள்ளைக் கோடு. பித்தளைக் குடத்தில் அந்தக் கோடே மஞ்சள்.

காரணம் இதுதான். பிளாஸ்டிக்கில் விழும் ஒளியில் ஒரு சிறு பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும், அதில் நிறம் ஒட்டுவதில்லை, அதனால் விளக்கு வெள்ளை என்றால் அந்தப் பளபளப்பும் வெள்ளை. மீதி ஒளி உள்ளே போய், நிறமியில் மோதிச் சிதறி, எல்லாத் திசையிலும் மஞ்சளாக வெளியே வரும். உலோகத்துக்கு இந்த இரண்டாவது வேலையே கிடையாது. ஒளியின் பெரும்பகுதி மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது, தங்கமும் பித்தளையும் அந்த நேரத்திலேயே ஒளியின் நீலப் பகுதியை விழுங்கிவிடுகின்றன, அதனால் தெறித்து வரும் ஒளியே மஞ்சளாக இருக்கிறது. இன்னொன்றும் உண்டு: தலையைக் கொஞ்சம் அசைத்தால் பிளாஸ்டிக் குடம் அப்படியே மஞ்சளாகவே இருக்கும், பித்தளைக் குடத்திலோ வெளிச்சமாக இருந்த இடம் சட்டென்று கறுத்து வேறு இடம் மின்னும். நம் கண் உலோகத்தை அடையாளம் காண்பது இந்த இரண்டு குறிகளை வைத்துத்தான்.

இப்போது பிரிண்டருக்கு வருவோம். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மை இருக்கிறது. நான்கும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கும் வேலையை மட்டுமே செய்கின்றன, எதற்கும் தானாகக் கண்ணாடி மாதிரித் திருப்பி அடிக்கத் தெரியாது. அடியில் இருப்பது வெள்ளைத் தாள், அது ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். மேலே போட்டோ தாளின் பளபளப்பு இருந்தாலும் அது நிறமில்லாத பளபளப்பு. ஆக, போட்டோ தாளில் நாம் அச்சிடும் தங்கம் அந்த மஞ்சள் பிளாஸ்டிக் குடம்தான். தங்கத்துக்கு என்று இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் ஆர்ஜிபி எண்கள் (சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று 0 முதல் 255 வரை சொல்பவை) 212, 175, 55. அதைப் போட்டால் வருவது தங்கத்தின் சராசரி நிறம், அவ்வளவுதான். வெள்ளிக்கு 192, 192, 192 என்று போட்டால் வருவது சாம்பல்.

அப்படியானால் நாளிதழில் வரும் நகைக்கடை விளம்பரத்தில் நெக்லஸ் மட்டும் எப்படித் தங்கமாகத் தெரிகிறது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்தப் படத்தில் வெளிர் மஞ்சள் தெறிப்பும் அதன் ஒட்டிலேயே கரும்பழுப்பு நிழலும் நெருக்கமாக இருக்கின்றன, கண் பழக்கத்தால் அதை உலோகம் என்று வாசித்துக்கொள்கிறது. எழுத்துக்கும் இதையே செய்யலாம்: ஒரே நிறத்தை நிரப்பாமல், கரும்பழுப்பு, மஞ்சள், ஏறக்குறைய வெள்ளை, மறுபடி மஞ்சள், பழுப்பு என்று பட்டை பட்டையாக நிறம் மாறும் கிரேடியன்ட்டைக் கொடுங்கள், மாற்றம் சில இடங்களில் மெதுவாகவும் ஒரு இடத்தில் திடீரென்றும் இருக்கட்டும். செலவில்லாத வழி, பெரிய எழுத்துக்கு ஓரளவு நன்றாகவே இருக்கும். ஆனால் தாளைச் சாய்த்தால் எதுவும் அசையாது, கையில் வாங்கிய அடுத்த நொடியே படம் என்று தெரிந்துவிடும்.

மெட்டாலிக் மையை வாங்கி ஊற்றினால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். இங்க்ஜெட் பிரிண்டரில் மை வெளியே தெறிக்கும் நாசில் துளை சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான் இருக்கும். அந்தத் துளை வழியாக நிமிடக்கணக்கில் சிக்காமல் போகும் அளவுக்கு உலோகத் துகளைப் பொடியாக்க வேண்டும், ஆனால் மிகவும் பொடியாக்கினால் அது கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பாமல் மங்கிவிடும். அது போக, உலோகம் கனமானது, நீர் போன்ற மையில் மெதுவாக அடியில் போய் உட்கார்ந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் கைவினைப் பொருள் கடையில் வாங்கிய தங்க மையைத் தன் இங்க்டேங்க் பிரிண்டரில் ஊற்றினார், முதல் பக்கத்தில் மெல்லிய கோடுகள் வந்தன, இரண்டாவது பக்கம் வெறுமையாக வந்தது, நாசில்கள் இருக்கும் ஹெட்டை மாற்ற ஆன செலவில் இன்னொரு பிரிண்டருக்குப் பாதிப் பணம் சேர்ந்திருக்கும்.

வெள்ளி மை உள்ள இங்க்ஜெட்டே கிடையாது என்று அர்த்தமில்லை. ரோலண்ட், எப்சன் ஆகிய நிறுவனங்கள் விளம்பரப் பலகை, ஸ்டிக்கர் அச்சிடும் பெரிய இயந்திரங்களில் வெள்ளி மையைக் கொடுத்திருக்கின்றன. அவை நீருக்குப் பதில் கரைப்பான் கலந்த சால்வென்ட் மை இயந்திரங்கள், துகள் அடியில் தங்காமல் பார்த்துக்கொள்வதே அங்கே தனி வேலை. 2013இல் டோக்கியோ பல்கலைக்கழகம், ஜார்ஜியா டெக், மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து, வெள்ளி நானோ துகள் கலந்த மையைச் சாதாரண வீட்டு பிரிண்டரில் நிரப்பி, போட்டோ தாளில் மின்சுற்றையே அச்சிட்டுக் காட்டினார்கள். துகள் போதிய அளவு நுண்ணியதாக இருந்தால் உலோகம் அந்தத் துளையைத் தாண்டும் என்பதற்கு அது சாட்சி, ஆனால் அது மின்சாரம் கடத்துவதற்காகச் செய்த விலை உயர்ந்த மை. 1990களில் ஜப்பானின் ஆல்ப்ஸ் நிறுவனம் எம்டி வரிசை என்று ஒரு பிரிண்டர் விற்றது, மேசையில் வைக்கும் அளவுதான், மை கிடையாது, நாடாவில் இருக்கும் தங்க, வெள்ளிப் பூச்சைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும். சிறிய விமான, கார் மாடல் செய்பவர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அது நின்று பல வருடம் ஆகிவிட்டது, அதன் இடத்தை நிரப்ப வீட்டு பிரிண்டர் எதுவும் வரவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

மினுக்கை அடியில் வையுங்கள்

சரி, வழிக்கு வருவோம். தங்கத் தாள் சுற்றிய சாக்லேட் ஒன்றை வாங்கித் தின்றுவிட்டு, தாளை மட்டும் தடவி நேராக்கி வையுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் ஒரு ஓரத்தைத் தேயுங்கள். பெரும்பாலும் பஞ்சில் மஞ்சள் வந்துவிடும், தேய்த்த இடத்தில் வெள்ளி வெளியே தெரியும். அந்தத் தங்கம் முழுக்க முழுக்க அலுமினியத் தகட்டின் மேல் பூசிய மெல்லிய மஞ்சள் வார்னிஷ்தான். ஒளி மஞ்சள் வழியாக உள்ளே போய், அலுமினியத்தில் பட்டு, மறுபடி மஞ்சள் வழியாகவே வெளியே வருகிறது, அதனால் தெறிப்பே மஞ்சளாக இருக்கிறது. பித்தளைக் குடத்தின் அந்த மஞ்சள் கோடு நினைவிருக்கிறதா, அதே விளைவு. விலை குறைந்த சேலைகளில் வரும் பிளாஸ்டிக் ஜரிகையும் இதே தத்துவம்தான், பிளாஸ்டிக் படலத்தில் அலுமினியப் பூச்சு, அதன் மேல் மஞ்சள்.

நம் பிரிண்டரின் வண்ண மை ஒளி ஊடுருவும் மை, அதிலும் நிறம் முழுக்கக் கரைந்திருக்கும் சாய மை என்றால் வண்ணக் கண்ணாடி மாதிரி. வெள்ளைத் தாளுக்குப் பதில் வெள்ளி நிறத் தாளை வைத்து மஞ்சளை அச்சிட்டால், நாமே சாக்லேட் தாள் செய்த மாதிரி ஆகிவிடும். மெட்டாலிக் விளைவு என்று இங்க்ஜெட்டில் செய்யும் எல்லா நல்ல முறைகளுக்கும் அடிப்படை இதுதான்: உலோகம் அடியில், நிறம் மேலே.

ஆனால் சமையலறை அலுமினிய ஃபாயிலை நேரடியாகப் பிரிண்டரில் விட்டால் வேலைக்கு ஆகாது. இங்க்ஜெட் மையில் பெரும்பகுதி நீர், அதை உறிஞ்ச ஏதாவது வேண்டும், வெறும் உலோகத்தில் அது முத்து முத்தாக உருண்டு நிற்கும், மறுநாள் தொட்டாலும் கையில் வரும். அதனால் இங்க்ஜெட் பூச்சு உள்ள வெள்ளித் தாள் அல்லது ஸ்டிக்கர் ஷீட்தான் வேண்டும். கடையில் வெள்ளியாக மின்னும் ஸ்டிக்கர் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், உறையில் இங்க்ஜெட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். லேசர் என்று மட்டும் இருந்தால் நமக்கு ஆகாது. எதுவும் எழுதவில்லை என்றால் விரல் நுனியை லேசாக ஈரமாக்கி ஒரு மூலையில் அழுத்திப் பாருங்கள், பூச்சு உள்ள பக்கம் விரலில் மெல்ல ஒட்டும்.

இரண்டு விதத் தாள் உண்டு. ஒன்று உண்மையான வெள்ளிப் படலம், முகம் பார்க்கும் அளவுக்குக்கூட மின்னும். இன்னொன்று முத்து மாதிரி மினுங்கும் போட்டோ தாள், அதில் உலோகம் இருக்காது, அப்பிரக (மைக்கா) துகள்தான் அந்த மினுமினுப்பைக் கொடுக்கும். புகைப்படத்துக்கு இந்த இரண்டாவது வகை மிக அழகாக இருக்கும், தண்ணீர், கார், பித்தளை விளக்கு உள்ள படங்களை அதில் ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள். தங்க எழுத்துக்கு முதல் வகைதான்.

கோப்பைத் தயார் செய்யும்போது ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நம் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது, கோப்பில் வெள்ளை என்றால் அந்த இடத்தில் மை விழாது என்றுதான் அர்த்தம். ஆகவே வெள்ளித் தாளில் வெள்ளை விட்ட இடமெல்லாம் வெள்ளியாகும், குழந்தையின் படத்தில் பல்லும் கண்ணின் வெள்ளையும்கூட. சுத்தமான மஞ்சளை அச்சிட்டால் எலுமிச்சை நிறத் தகடு மாதிரி வரும், கொஞ்சம் மெஜந்தா சேர வேண்டும். எனக்கு 255, 205, 70 என்ற அளவு தங்கமாகவும், 230, 140, 80 செம்பாகவும் வந்தது. உங்கள் மையும் தாளும் வேறு என்பதால் இதை அப்படியே எடுக்காமல், ஒரு அங்குலக் கட்டங்களாகப் பத்துப் பன்னிரண்டு மஞ்சள்களை ஒரே பக்கத்தில் அச்சிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண்ணை எழுதி, ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஒரு தாள் செலவு, அப்புறம் எப்போதும் அதுவே உங்கள் அட்டவணை.

மை கூடக் கூட உலோகம் குறையும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நிறம் நன்றாக ஏறட்டும் என்று தரத்தை உச்சத்தில் வைத்தால் மினுக்கு மூழ்கிவிடும், வெளிர் நிறங்களில்தான் தகடு நன்றாகத் தெரியும். மெரூன், கரும்பச்சை மாதிரி அடர்ந்த நிறங்கள் தகட்டை ஏறக்குறைய மறைத்துவிடும், ஆனால் முழுக்க இல்லை, அடியில் ஒரு பட்டு மினுக்கு மிஞ்சும். இதை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்: பக்கம் முழுக்க மெரூன் நிரப்பி எழுத்தை மட்டும் தங்க நிறத்தில் விட்டால் பார்ப்பதற்குப் பட்டுச் சேலையின் முந்தானை மாதிரியே இருக்கும்.

தாள் வகை என்று கேட்கும் இடத்தில் கிளாஸி போட்டோ என்று கொடுப்பது பெரும்பாலும் சரியாக வரும். சில பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் நிறமி மை (நிறம் கரையாமல் நுண்துகளாக மிதக்கும் மை), மற்றது சாய மை, சாதாரணத் தாள் என்று கொடுத்தால் அந்த நிறமிக் கறுப்பு தகட்டின் மேல் மட்டமாகப் படிந்து விரலில் ஒட்டும். ஒவ்வொரு தாளாகவே விடுங்கள். தாள் வந்திருக்கிறதா என்று ஒளியை வைத்துக் கண்டுபிடிக்கும் பிரிண்டர்கள் கண்ணாடி மாதிரித் தாளைப் பார்த்துக் குழம்பி, தாள் இல்லை என்று அடம்பிடிப்பதும் உண்டு, முன் விளிம்பின் பின்பக்கத்தில் வெள்ளைத் தாள் பட்டை ஒன்றை அழுத்தி ஒட்டிவிட்டால் பல நேரம் சரியாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த முறை

தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடியின் பின்பக்கத்தில் தலைகீழ் வரிசையில் வரைந்து, நகை, கிரீடம் வரும் இடங்களில் பின்னால் மின்னும் தகட்டை வைப்பார்கள். முன்னால் இருந்து பார்த்தால் நகை மட்டும் பளபளக்கும். இதையே வீட்டு பிரிண்டரில் செய்யலாம்.

இங்க்ஜெட்டுக்கான ஓஎச்பி ஷீட், அதாவது கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் தாள், வாங்குங்கள், அதன் ஒரு பக்கம் லேசாகச் சொரசொரப்பாக இருக்கும், அதில்தான் அச்சிட வேண்டும். படத்தை இடவலமாகத் திருப்பி அச்சிடுங்கள், இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல வந்துவிடும். நான் செய்தது ஒரு தவழும் கிருஷ்ணர் படம். கிரீடம், கழுத்து மணி, இடுப்புச் சலங்கை, வெண்ணெய்ப் பானையின் விளிம்பு ஆகியவற்றை மட்டும் கோப்பிலேயே வெளிர் மஞ்சளாக்கி, நிழல்களைக் குறைத்துவிட்டேன், தகடு தெரிய இடம் வேண்டுமே. அச்சிட்டு ஒரு முழு நாள் காயவிட்டேன். பிறகு ஒரு வெள்ளை அட்டையில் அதே படத்தைச் சாதாரணமாக அச்சிட்டு, நகைகள் இருக்கும் இடங்களில் அலுமினிய ஃபாயிலை வெட்டி ஒட்டினேன், ஓரம் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் நல்லது. ஃபாயிலை ஸ்பூனின் பின்பக்கத்தால் தேய்த்து வழவழப்பாக்கினால் கண்ணாடி மாதிரி ஆகும், கசக்கிவிட்டு லேசாக நேராக்கினால் நுணுக்கமான மடிப்புகளில் ஒளி உடைந்து கல் பதித்தது போல மின்னும். கிரீடத்துக்கு வழவழப்பாக்கியதும் கழுத்து மணிக்குக் கசக்கியதுமாக வைத்தேன். ஓஎச்பி ஷீட்டை மை உள்ள பக்கம் உள்ளே இருக்கும்படி அதன் மேல் பொருத்தி, சட்டத்தில் போட்டபோது, முகமும் உடலும் சாதாரண ஓவியமாகவும் நகை மட்டும் உலோகமாகவும் இருந்தது. வெள்ளித் தாளில் முடியாத வெள்ளை நிறமும் இதில் கிடைத்துவிடுகிறது, ஏனென்றால் பின்னால் வெள்ளை அட்டை இருக்கும் இடம் வெள்ளையாகவே தெரியும். அம்மா அதை விளக்கு ஏற்றி வைத்துப் பார்த்தபோது, சுடர் அசைய அசைய கிரீடமும் அசைந்தது.

ஃபாயில், பொடி

கடையில் கிடைக்கும் டோனர் ஃபாயிலைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். அந்த ஃபாயில் ஒட்டுவது லேசர் பிரிண்டர், ஜெராக்ஸ் இயந்திரத்தின் டோனரில் மட்டும்தான், ஏனென்றால் டோனர் என்பது பிளாஸ்டிக் பொடி, சூடுபட்டால் இளகி ஃபாயிலைப் பிடித்துக்கொள்ளும். இங்க்ஜெட் மை தாளுக்குள் இறங்கிவிடுகிறது, பிடிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. ஆனால் இரண்டையும் சேர்க்கலாம்: தங்கமாக வேண்டிய பகுதியை மட்டும் கறுப்பாக வைத்து ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட் எடுத்து வாருங்கள், அதன் மேல் ஃபாயிலின் நிறப் பக்கம் மேலே தெரியும்படி வைத்து, ஒரு தாளுக்குள் மடித்து, லேமினேட்டரில் விட்டு எடுத்து, ஆறியதும் உரியுங்கள். அதன் பிறகு அதே தாளை வீட்டு இங்க்ஜெட்டில் விட்டு மற்ற நிறங்களையும் கறுப்பு எழுத்தையும் அச்சிடுங்கள். இரண்டு தடவை தாள் போவதால் ஒரு மில்லிமீட்டர் அளவு நகரும், தங்கமும் வண்ணமும் விளிம்போடு விளிம்பு தொடாதபடி வடிவமைத்தால் தெரியாது. இங்க்ஜெட் போட்டோ தாளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் லேசரில் விடக் கூடாது, அதன் பூச்சு சூட்டில் உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும், அடுத்தவர் இயந்திரம் அது.

எம்பாஸிங் பொடி இன்னொரு வழி. ஈர மையில் தங்கப் பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் சூடாக்கினால் உருகிப் புடைத்து நிற்கும், விசிட்டிங் கார்டில் கைக்குத் தட்டுப்படும் எழுத்துகள் இப்படித்தான் வருகின்றன. பிரச்சினை என்னவென்றால் போட்டோ தாளில் சாய மை விழுந்த நொடியே காய்ந்துவிடும், பொடி ஒட்டாது. மெதுவாகக் காயும் நிறமி மை இருந்தால்தான் இதில் இறங்க வேண்டும், பெரிய எழுத்தாகவும் இருக்க வேண்டும். ஹேர் டிரையர் போதாது, சூடும் பற்றாது, பொடியையும் ஊதித் தள்ளிவிடும். பொடியைப் பிரிண்டர் இருக்கும் அறையில் திறக்கவே வேண்டாம்.

வளைகாப்பு அழைப்பிதழுக்குக் கடைசியில் நான் எடுத்தது நடுவழி. வெள்ளி ஸ்டிக்கர் ஷீட்டில் பெயரையும் வளையல் வரிசையையும் மெரூன் பின்னணியில் தங்கமாக அச்சிட்டு, ஒரு தாளுக்கு எட்டு பட்டை வீதம் ஐந்து தாள் எடுத்து, ஒரு நாள் காயவிட்டு, வெட்டி, சந்தன நிற அட்டையில் ஒட்டினேன், மற்ற விவரம் எல்லாம் அட்டையிலேயே சாதாரணக் கறுப்பு. சாய மை வெயிலிலும் ஈரக் கையிலும் தாங்காது என்பதால் ஒட்டும் முன் பட்டைகளின் மேல் அக்ரிலிக் கிளியர் ஸ்ப்ரேயை மொட்டை மாடியில் வைத்து இரண்டு தடவை மெல்லிசாக அடித்தேன், ஒரே தடவையில் கனமாக அடித்தால் மை கலங்கும். அடுக்கி வைக்கும்போது நடுவில் ஒவ்வொரு பட்டர் பேப்பர் வைத்தேன். அட்டையைக் கையில் வாங்கிய அக்கா மாமியார் முதலில் செய்தது, அதை ஜன்னல் பக்கம் திருப்பி இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்ததுதான்.